முன்னே பின்னே தெரியாத அட்டை

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். "சாப்டியா, சரி, வச்சிடறேன்" என்று முடித்துவிடுவேன். உன் அறையில் உன்னோடு இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நான் என்ன சொன்னாலும் நீ "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு. அன்றைக்குக் காலையில்தான் மாமா உன்னை ஷோரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறான். உன் கிரெடிட் கார்டில் அவனுக்கு ஒரு ஃப்ரீசர் வாங்கித் தருவதா வேண்டாமா என்று அதற்குள் நீ முடிவுசெய்தாக வேண்டும்.

அது தொடங்கிய இடத்தில் நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். ஆனாலும் நான் பார்த்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உன் ஆதார் முகவரி விழுப்புரம் என்பதால் கார்டு இங்கேதான் கூரியரில் வந்தது. மறுநாள் நான் பாடம் நடத்துகிற கல்லூரி முடிந்ததும் உறையைப் பையில் வைத்துக்கொண்டு மயிலத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் திண்டிவனம் பஸ் ஏறி, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாமாவின் கூல்டிரிங்க்ஸ் கடைக்கு வந்தேன். நீயும் வேலை முடிந்து அங்கே வந்தாய். நீ உறையைப் பிரிக்கும்போது மாமா எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தான்.

"இன்னா பாப்பா அது, புது ஏடிஎம்மா?"

"இல்ல மாமா, கிரெடிட் கார்டு."

"அட. எவ்ளோ குடுத்துக்கிறான் லிமிட்டு?"

"அம்பதாயிரம்."

அவன் கையைக் கழுவி, துண்டில் துடைத்து, அதற்குப் பிறகுதான் கார்டை வாங்கினான். புதுப் போட்டோவைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்துப் பார்த்தான். "போதும் போ" என்றான். எதற்குப் போதும் என்று நீ கேட்டாய். "பழைய ஃப்ரீசரு ஐஸ் புடிக்க மாட்டேங்குது பாப்பா. வெயில் வந்துக்கினே இருக்குது. ஷோரூம்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், நாப்பத்திரெண்டு சொல்றான். உன் கார்டுல இஎம்ஐ போட்டுடலாம். மாசாமாசம் உன் கையில குடுத்துடறேன். ரெண்டு நாள் முன்ன பின்ன ஆவும், அவ்ளோதான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் கடைக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மரக்காணம் போகிற பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து மாமா எனக்குப் போன் செய்தான். "அக்கா, நீ ஒண்ணும் சொல்லல. அப்போ சரின்னுதான?" என்றான். "கார்டு அவளுது. அவளையே கேளு" என்றேன். கேட்பதற்கு நியாயமான பதில்தான். போனை வைத்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. என்னால் சொல்ல முடியாத ஒன்றை இருபத்து மூன்று வயதுப் பெண்ணைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், அதுவும் தாய்மாமனிடம். எனவே குறைந்தபட்சம் எனக்குத் தெரிந்ததையாவது உனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில், அந்தக் கார்டு வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்காமலேயே கொடுக்கிறவர்களை எனக்குச் சந்தேகம். நீ கேட்டுத்தான் வாங்கினாய் என்றாலும், வாங்கச் சொல்லி உனக்கு எத்தனை போன் வந்தது என்று எனக்குத் தெரியும். "அம்மா, அம்பதாயிரம் இருக்கு" என்று அன்றைக்கு நீ சொன்னாய். இல்லை. உன் சம்பளக் கணக்கில் இருப்பதுதான் இருப்பது. கார்டில் எழுதியிருப்பது, நீ எதுவரை கடன்படலாம் என்று வேறொருவர் போட்ட கோடு. இந்த ஒரு வார்த்தையை மட்டும் சரியாக வைத்துக்கொள், பாதிச் சிக்கல் வராது. "எவ்வளவு இருக்கு" என்று கார்டைப் பற்றிக் கேட்காதே. "எவ்வளவு வாங்கியிருக்கேன்" என்று கேள்.

இவ்வளவு சந்தேகம் இருந்தும் நான் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? அதற்கு நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நாம் குடியிருக்கிற இந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். வெளியாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எங்களைக் கேட்டார். நாங்கள் சேர்த்து வைத்திருந்தது பாதிக்குக் கொஞ்சம் கீழே. மீதிக்கு லோன் கேட்கலாம் என்று நானும் அப்பாவும் ஒரு வங்கிக்குப் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மோட்டார் காயில் கட்டுகிற கடையை இந்த ஊரில் தெரியாதவர்கள் குறைவு. கெடார் பக்கத்து விவசாயிகள் பம்ப்செட் மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அவரிடம்தான் வருவார்கள். செம்புக் கம்பி விற்கிற வியாபாரி ஒரு கையெழுத்து வாங்காமல் அவருக்குச் சரக்குக் கொடுப்பார். நானும் அவரும் ஒரு வங்கியிலும் கடன் வாங்கியதில்லை. டிவி, வண்டி, கிரைண்டர் எல்லாம் முழுப் பணம் கொடுத்து வாங்கியவை. அதைச் சொல்லிக்கொள்வதில் எங்கள் இருவருக்குமே ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தோம்.

வங்கியில் இருந்த பையனுக்கு உன் இப்போதைய வயதைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். எங்கள் பான் எண்ணைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "சார், உங்க கிரெடிட் ஸ்கோர் மைனஸ் ஒண்ணு காட்டுது. மேடத்துக்கும் அதேதான்" என்றான். மைனஸ் ஒன்று என்றால் என்ன என்று நான் கேட்டேன். புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்த எண்ணே விசித்திரமாக இருந்தது. "கடன் வாங்கின ஹிஸ்டரியே இல்லைன்னு அர்த்தம் மேடம். உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

அப்பா சிரித்துவிட்டார். "தம்பி, நான் முப்பது வருஷமா இங்கதான் கடை வச்சிக்கினு இருக்கேன். வெளிய போயி யாரை வேணா கேளுங்க."

"கேக்கலாம் சார். யாரைக் கேக்கணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். நகைக்கடனாகப் போடலாம், அல்லது கூடுதல் ஜாமீன் கொடுங்கள், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். மேலிடத்தில் கேட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் வேறொருவருக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார். வாங்கியவர் நல்ல மனிதர், நம்மைக் காலி செய்யச் சொல்லவில்லை. நாம் அவருக்கு இன்றும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அப்பா வங்கியிலிருந்து நேராகக் கடைக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இரவு சாப்பிடும்போது, "கடன் வாங்காதவனை நம்ப மாட்டானாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அந்தப் பையன் சொன்னது அநியாயமாகத் தோன்றினாலும் தப்பில்லை. நம் ஊரில் நாணயம் என்பது முகம் தெரிந்தவர்களுக்குள் நடக்கிற விஷயம். கம்பி வியாபாரி அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சரக்குக் கொடுக்கிறார். அப்பாவை முன்னே பின்னே தெரியாத ஒருவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த ஸ்கோர். இதை மதிப்பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறவள் சொல்கிறேன், இது மதிப்பெண் இல்லை. வருகைப் பதிவு. நீ எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு சம்பாதிக்கிறாய், எவ்வளவு நல்லவள் என்று அது பார்ப்பதில்லை. மணி அடிக்கும்போது இருந்தாயா இல்லையா என்று பார்க்கிறது. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வருகை குறைந்து தேர்வெழுத முடியாமல் நின்றிருக்கிறார்கள். "மேம், நான்தான் எல்லா நாளும் வந்தேனே, கொஞ்சம் லேட்டுதானே" என்று அழுதிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் "கொஞ்சம் லேட்" என்று ஒரு கட்டம் கிடையாது.

நீ வேலைக்குக் கிளம்பின அன்றைக்குச் சொன்னாய், "ரெண்டு வருஷம் வேலை பாக்கறேன், அப்புறம் மேல படிக்கிறேன், லோன் என் பேர்ல போட்டுக்கறேன், உங்க ரெண்டு பேரையும் கேக்க மாட்டேன்" என்று. அப்பாவுக்கு அது சுருக்கென்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கடனுக்கு நீ போய் உட்காரும்போது எங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உன் பக்கமாவது இருக்கட்டும் என்றுதான் கார்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் இரண்டு வருஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உன்னை நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கும். கார்டினால் உனக்கு உருப்படியாக வேறு லாபம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் உன்னைக் கடைக்குள் வரவழைக்கக் கட்டுகிற தோரணம்.

ஒழுங்காக என்றால் என்ன என்று கேட்பாய். பெரிய வித்தை இல்லை. எப்படியும் நீ செலவழிக்கிற ஒன்றிரண்டை மட்டும் அதில் போடு. போன் ரீசார்ஜ், மாதச் சாமான், வீட்டுக்கு வந்து போகிற டிக்கெட். லிமிட்டில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகாதே. ஐம்பதுக்கு நாற்பத்தைந்து பயன்படுத்துகிறவள் ஏதோ நெருக்கடியில் இருக்கிறாள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும், நீ முழுதும் கட்டினாலும்கூட. மாதம் ஒருமுறை பில் வரும். அது வரும் தேதி ஒன்று, கட்டக் கடைசித் தேதி வேறொன்று. சம்பளம் வந்த கையோடு முழுத் தொகையையும் கட்டு. சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடு, அதிலும் "முழுத் தொகை" என்று தேர்ந்தெடு. அந்தக் கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்காதே. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், அதற்கு மேல் கட்டணம் வேறு. இன்னொரு கார்டு தருகிறோம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டாதே. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதே, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றால் கட்டாயம் சொல்லாதே.

முழுத் தொகை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிற ஒரு ஆசிரியை, என்னோடு கூட்டேரிப்பட்டு வரை பஸ்ஸில் வருகிறவர், ஒரு நாள் வழியெல்லாம் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். "மேடம், மாசம் தவறாம டியூ கட்டறேன். ஒரு வருஷமா கட்டறேன். பாக்கி குறையவே மாட்டேங்குது, பேஜாரா இருக்கு" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். பில்லில் இரண்டு தொகை இருந்தது. ஒன்று மொத்தம், இன்னொன்று மினிமம் டியூ. அவர் இரண்டாவதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்தில் டியூ என்றால் தவணை. வண்டி டியூ, ஃப்ரிட்ஜ் டியூ, குழு டியூ. இந்த மாதத்துக்குக் கட்ட வேண்டியது அவ்வளவுதான், கட்டினால் முடிந்தது. அவர் கார்டு பில்லையும் அப்படித்தான் படித்திருக்கிறார். யாரும் அவரை ஏமாற்றவில்லை, அதில் எழுதியிருந்ததை நம் ஊர் அர்த்தத்தில் படித்துவிட்டார். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதிக்கு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி ஓடுகிறது, புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி சேர்கிறது. மூன்று வட்டிக்குக் கடன் கொடுக்கிற ஆளைப் பற்றி நம் தெருவில் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதே வட்டி பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஆசிரியை எம்.ஃபில் படித்தவர். அதனால் இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்காதே.

இனி மாமா.

அவனை நீ தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பகுதியை எழுத யோசித்தேன். என் தம்பி யாரையும் ஏமாற்றியதில்லை. அந்தக் கடையை ஆரம்பிக்கும்போது என் இரண்டு வளையலை வாங்கிப்போய் அடகு வைத்தான். பொங்கலுக்கு மீட்டுத் தருகிறேன் என்றான். பொங்கலுக்கு வரவில்லை. சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு நான் கவரிங் வளையல் போட்டுக்கொண்டு போனேன், ஆடி வந்தது, ஆவணி வந்தது. ஒரு நாள் மத்தியானம் வளையலோடு வந்து நின்றான், கூடவே ஒரு கிலோ இனிப்பு. "கொஞ்சம் முன்ன பின்ன ஆயிடுச்சு அக்கா" என்றான். எனக்குக் கோபமே வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டானே. உன் மஞ்சள் நீராட்டுக்கு அவன் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை வைக்க நம் வீட்டில் இடம் போதவில்லை. அதற்கு அவன் வாங்கிய கடனையும் அப்படித்தான் அடைத்திருப்பான், முழுதாக, தாமதமாக.

"முன்ன பின்ன" என்று சொல்கிறோமே தவிர, நம்மில் யாரும் முன்னே கொடுத்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பின்னேதான். அது ஒரு குற்றமாக நமக்குத் தோன்றுவதில்லை. சீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார், மளிகைக்காரர் பொறுத்துக்கொள்கிறார், நாமும் நமக்கு வர வேண்டியதற்குப் பொறுத்துக்கொள்கிறோம். தேதி என்பது நமக்கு ஒரு உத்தேசம். நேற்று அவனிடம் மறுபடியும் பேசினேன். ஷோரூமிலேயே ஃபைனான்ஸ் கொடுக்கிறார்களே, உன் பேரிலேயே போடக் கூடாதா என்று கேட்டேன்.

"போட்டேன் அக்கா. ரிஜெக்ட்டு."

"ஏன்?"

"வண்டி லோன் வாங்கினேன் இல்ல, அதுல நாலஞ்சு டியூ லேட்டாச்சாம். மொத்தமும் கட்டிட்டேன் அக்கா. ஒரு பைசா பாக்கி இல்ல. கடன் முடிஞ்சிதுன்னு என்ஓசிகூட வாங்கி வச்சிக்கினு இருக்கேன். அப்புறம் இன்னாத்துக்கு ரிஜெக்ட்டு?"

அவனே மறுபடியும் சொன்னான். "அண்டா குடுன்னா குடுக்கறோம், ஏணி குடுன்னா குடுக்கறோம். கார்டு இன்னா தேஞ்சா பூடும்?"

தேயும். அதைத்தான் அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை. அண்டாவைக் கடன் கொடுத்தால் அடுத்த மாதம் வந்தாலும் அது அண்டாதான். கார்டில் அவன் ஃப்ரீசரைப் போட்டால், உன் ஐம்பதில் நாற்பத்திரண்டு அன்றைக்கே அடைபட்டுவிடும். ஒவ்வொரு தவணை கட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபடும். முதல் மாதத்திலேயே நீ வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பாய். பில் உன் பேருக்கு வரும். உன் கடைசித் தேதிக்கு அவன் கையில் பணம் இருக்காது, மழை பெய்து வியாபாரம் படுத்திருக்கும், அல்லது அவன் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியிருப்பான். அவன் தரும்வரை நீ உன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டாமல் விட வேண்டும். நீ அறை வாடகையும் மெஸ் பில்லும் கட்டியபின் உன்னிடம் என்ன மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் அவனிடம் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். "மாமா, அது..." என்று ஆரம்பித்து வேறு ஏதாவது பேசிவிட்டு வருவாய். ஆறு மாதத்தில் நீ அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிடுவாய். பணம் முழுதும் வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு விழுந்த அதே தாமதம் உன் பேரில் விழுந்திருக்கும், இரண்டு வருஷம் கழித்து நீ படிப்புக் கடனுக்குப் போய் உட்காரும்போது திரையில் அதுதான் தெரியும். "என் மாமாவுக்காகக் கட்டினேன்" என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

எனவே என் கருத்து, கொடுக்காதே. அதை நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். சொன்னால் அவன் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு உன்னிடம் வருவான், "அம்மாவுக்குத் தெரிய வேணாம் பாப்பா" என்பான், அது இதைவிடக் கஷ்டம். அதோடு இது மாமாவோடு முடியாது. உன் அறையில் இருக்கிற பெண் போன் வாங்கக் கேட்பாள். ஆபீஸில் ஒருவர் கேட்பார். நாளைக்கு நீ கட்டிக்கொள்கிறவனே கேட்கலாம். இத்தனை வயதில் நான் எதற்கும் நேராக மறுப்புச் சொன்னதில்லை. "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அப்பா தலையில் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். அப்பா ஒரு கஞ்சன் என்று நம் சொந்தத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு ஏன் என்று இன்றுவரை தெரியாது. நீ யார் தலையிலும் போடாதே, என் தலையிலும்.

அதற்காக அவனை வெறுங்கையோடு விடச் சொல்லவில்லை. வெயில் காலம் அவனுக்கு வருஷத்துக்கான வருமானம். ஃப்ரீசர் உண்மையிலேயே வேண்டும். அப்பாவிடம் பேசினேன். புதுச்சேரி ரோட்டில் பழைய ஃப்ரீசர் சரிசெய்து விற்கிற ஒருவரை அப்பாவுக்குப் பழக்கம். புதியதில் பாதி விலைக்குள் வரும், கம்ப்ரசரைத் தானே பார்த்து எடுத்துத் தருகிறேன் என்கிறார். பணம் நாங்கள் தருகிறோம். மாமா எப்போது தருகிறானோ அப்போது தரட்டும். எங்களுக்கு முன்ன பின்ன தாங்கும், பழகிவிட்டது. உன் கார்டுக்குத் தாங்காது. இதை அவனிடம் முதலில் சொல்லிவிடாதே. முதலில் மறுப்பைச் சொல், பிறகு இதைச் சொல். மாற்றிச் சொன்னால் பேரம் பேசுவதுபோல இருக்கும்.

ஷோரூமுக்குப் போகாதே. அங்கே விற்கிறவர் முன்னால் மறுத்தால் அவனுக்கு அவமானம். பத்து மணிவாக்கில் நேராக அவன் வீட்டுக்குப் போ, அவன் கிளம்புவதற்கு முன்னால். சுற்றி வளைக்காதே, கார்டு தொலைந்துவிட்டது, லிமிட் குறைத்துவிட்டார்கள் என்று கதை சொல்லாதே. "மாமா, கார்டுல என்னால போட முடியாது. ரெண்டு வருஷத்துல எனக்கு லோன் வேணும், அதுக்கு இதை வச்சிருக்கேன்" என்று சொல். அவ்வளவு போதும். "நான் ஏமாத்திடுவேன்னு நெனைக்கிறியா?" என்று கேட்பான். கட்டாயம் கேட்பான். இல்லை மாமா, லேட்டாயிடும் என்று நினைக்கிறேன் என்று சொல். அது உண்மை, அவனுக்கும் தெரியும். நான் வரவில்லை. வந்தால் அவன் என்னைப் பார்த்துத்தான் பேசுவான், நானும் மறுபடியும் எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவன் கோபப்பட மாட்டான் என்று உனக்கு உறுதி சொல்ல முடியாது. எழுந்து வெளியே போய்விடலாம், அல்லது டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அத்தை சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "சாப்ட்டு போ" என்பாள், ஆனால் எப்போதும் சொல்கிற குரலில் சொல்ல மாட்டாள். அந்த நேரத்தில் உனக்கு, வேலை இருக்கிறது அத்தை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். நீ செய்யாதே. அந்த வீட்டில் கை நனைக்காமல் நீ கிளம்பினால், கார்டைக் கொடுக்காததை மறந்தாலும் அதை அவர்கள் மறக்க மாட்டார்கள். உட்கார். மாமா வரும்வரை காத்திரு, அவனுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வை. யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பேசாமலே சாப்பிடலாம். இரண்டாம் தடவை சோறு போட அத்தை வராவிட்டால், "அத்தை, கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று நீயே கேள்.